அலரியில் ஒரு நாகக்குட்டி

முப்பத்தாறாம் ஆண்டு மாரியில், நயினாதீவில் எங்கள் கிணற்றடி அலரியில் ஒரு பச்சைப் புழு இலை தின்றுகொண்டிருந்தது. விரலளவு என்றால் நம்புவீர்கள், உண்மையில் முழங்கையளவு. தொட்டால் கழுத்தை உப்பவைத்து, இரண்டு நீலக் கண்களைக் காட்டும். அதைக் கண்ட எங்கள் ஆட்டுக்கடா கடலில் பாய்ந்து புங்குடுதீவுக்கே நீந்திப் போய்விட்டது.

என் மனைவி பரிமளமோ கும்பிட்டாள். "கோயில் அம்மாளின்ர நாகக்குட்டி!" என்று, என் தேத்தண்ணிக்கு வைத்திருந்த பாலைச் சிரட்டையில் ஊற்றி அலரியடியில் வைத்தாள்.

"இஞ்சாரும், அது விட்டில் புழு. வாலிலை கொம்பைப் பாரும்."

"நாகத்துக்குக் கொம்பு இருக்கக்கூடாதோ? வாயைக் கழுவுங்கோ!"

என் பால் போய்க்கொண்டேயிருந்தது. ஒருநாள் புழு மண்ணிறமாகிச் சருகுக்குள் இறங்கியது. நான் அதைப் பனையோலைக் கடகத்தால் மூடிவைத்துக் காத்திருந்தேன். கடைசியில் கடகத்தைத் தூக்கினால், பச்சை விட்டில்!

"இப்ப என்ன சொல்லுறீர்?"

"பால் குடிச்ச நாகத்துக்குச் செட்டை முளைச்சிட்டுது" என்றாள். மறுநாள் முதல் இரண்டு சிரட்டை வைத்தாள்.

இப்போது பரிமளம் இல்லை. பால் முழுவதும் எனக்குத்தான். ஆனாலும் மாரியில் அலரியில் அந்த நீலக் கண்களைக் கண்டால் சிரட்டையைத் தேடுகிறேன். வெறுந்தேத்தண்ணி எனக்குப் பழகிவிட்டது.