நாலு விரல் இடம்

தச்சனுக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். அவன் செய்த கட்டிலைக் குறை சொல்லிவிட்டால் அந்தக் கோபத்துக்கு மூக்கு போதாது. அவன் மனைவி தையல்காரியும் லேசுப்பட்டவள் இல்லை. எட்டு மாதக் குழந்தை தவழ ஆரம்பித்த வாரத்தில் இரண்டு பேரும் கட்டிலை வைத்து முட்டிக்கொண்டார்கள்.

குழந்தையை வீட்டில் வண்டு என்று கூப்பிடுவார்கள். பிறந்ததிலிருந்து அம்மாவை ஒட்டித்தான் தூங்குவாள். தனியாகப் படுக்க வைத்தால் வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். போட்ட இடத்தில் கிடந்தவரை வம்பில்லை. இப்போதோ தூக்கத்திலேயே ஊர்வலம் கிளம்பிவிடுகிறாள். ஒரு விடியற்காலை தையல்காரி கண் விழித்தபோது வண்டு பாதி உடம்பைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டிருந்தாள். காலைப் பிடித்து இழுத்துப் போட்டவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

புருஷன் எழுந்ததும் ஆரம்பித்தாள். "மெத்தையைத் தூக்கித் தரையில போடுங்க. ஊசி போடப் போனப்ப நர்ஸ் அக்கா தெளிவா சொன்னாங்க. தவழற பிள்ளையைக் கூடப் படுக்க வெச்சுக்கிட்டா கெட்டி மெத்தையா இருக்கணும், தரையில இருக்கணும், சுவரை விட்டுத் தள்ளி இருக்கணும். தலையணை, போர்வை எதுவும் பிள்ளைகிட்ட வரக்கூடாது. கட்டில்ல தனியா விட்டுட்டு நகரவே கூடாதாம்."

"கட்டில் செய்யறவன் பிள்ளை தரையில படுக்கணுமா? பார்க்கிறவன் சிரிப்பான்."

"சிரிச்சுட்டுப் போகட்டும். அவ விழுந்தா அழப்போறது நான்தானே."

"நர்ஸுக்கு ஊசி போடத் தெரியும். கட்டிலைப் பத்தி எனக்குத் தெரியும். நீ வாயை மூடு."

மூடச் சொன்னால் மூடுகிற வாயா அது? இரண்டு நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. மூன்றாம் நாள் அவன் பட்டறையிலிருந்து இரண்டு பலகைகளோடு வந்து, கட்டிலின் இரு பக்கமும் தடுப்பாக நிறுத்தித் திருகாணியை முடுக்கினான். இழைத்து மெருகேற்றி, முனைகளை உருட்டிவிட்ட பலகைகள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் நாலு விரல் இடம் கிடந்தது.

தச்சு வேலையில் அது தப்பில்லை, வழக்கம். விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகக் கை போய்வர வேண்டும் அல்லவா? அதற்காக எந்தக் கட்டிலுக்கும் சுற்றிலும் நாலு விரல் விட்டுத்தான் அளவு எடுப்பான். இருபது வருடப் பழக்கம். உள்ளே படுக்கப்போவது குழந்தை என்று கைக்குத் தெரியாமல் போகலாம். தலைக்காவது உறைத்திருக்க வேண்டும்.

"இந்தச் சந்துல பிள்ளை மாட்டிக்குவா," என்றாள் தையல்காரி.

"அது விரிப்பு செருகற இடம். அதை விடாம செஞ்சா தொழில் தெரியாதவன்னு காறித் துப்புவாங்க."

"விரிப்புக்குப் பார்த்தீங்க. பிள்ளைக்குப் பார்த்தீங்களா?"

"நான் என்ன செஞ்சாலும் உனக்குக் குத்தம்தான்."

அவளுக்குச் சண்டை போட்டே அலுத்துவிட்டது. முப்பது பள்ளிச் சீருடைகள் வேறு வெட்டிய துணியாகவே கிடந்தன. இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் வண்டு அவள் மடியில் தூங்கிப்போனாள். தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் போட்டாள். பலகைதான் இருக்கிறதே என்று அவளுக்கே தோன்றிவிட்டது. அடுத்த அறையில் தையல் மெஷினில் உட்கார்ந்தாள்.

நூல் அறுந்து மெஷின் நின்ற நேரத்தில் பூனைக்குட்டி முனகுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஓடினாள். மெத்தைமேல் யாரும் இல்லை. பலகையை ஒட்டி ஒரு சின்னக் கை மட்டும் மேலே தெரிந்தது. வண்டு கழுத்து வரைக்கும் சந்துக்குள் இறங்கியிருந்தாள். மூக்கும் வாயும் மெத்தையில் புதைந்து முகம் கறுத்திருந்தது. முழங்காலால் மெத்தையை உதைத்துத் தள்ளிப் பிள்ளையை உருவினாள். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு வண்டு வீடு அதிர அழுதாள். அதைவிட நல்ல சத்தத்தைத் தையல்காரி அன்றுவரை கேட்டதில்லை.

தச்சன் பட்டறையிலிருந்து ஓடிவந்தான். முகம் வெளிறித்தான் போயிருந்தது. ஆனாலும் வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்: "மெத்தைக்காரன் அளவைக் குறைச்சுட்டான்."

"இப்பவும் மெத்தைக்காரன் மேலயா பழி? மனுசனா நீங்க?"

"என் பலகையில தப்பு இருந்தா, நேத்து அடிச்சுக் குடுத்தேனே, அவங்க சொல்லியிருக்க மாட்டாங்களா?"

"நேத்தா? யாருக்கு?"

"மருந்துக்கடைக்காரருக்கு. நம்ம கட்டிலைப் பார்த்துட்டு இதே மாதிரி வேணும்னாரு. அவர் பிள்ளையும் தவழுது."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வண்டைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்புகூட இல்லாமல் ஓடினாள். மருந்துக்கடைக்காரரின் வீடு பின்தெருவில்தான். கதவை இடித்தாள். அவர் மனைவி திறந்து, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா அக்கா. இப்பதான் கட்டில்ல போட்டுட்டு வந்தேன்."

தையல்காரி அவளை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். பையன் குப்புறத் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு கால் ஏற்கெனவே சந்துக்குள் இறங்கியிருந்தது. இன்னொரு கையால் அவனையும் வாரி எடுத்தாள். இரண்டு குழந்தைகளும் வீறிட்டன.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்று கத்திக்கொண்டே தாய்க்காரி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என் பிள்ளை இப்ப இந்தச் சந்துல மாட்டி, மூச்சு நின்னு, பிழைச்சிருக்கா. பலகையைக் கழட்டுங்க. மெத்தையைத் தரையில போடுங்க."

அந்தப் பெண் சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். பையனை இறுக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள். தையல்காரியிடமிருந்துதான் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்பது போல நின்றாள்.

"நேத்து உங்க வீட்டுக்காரர் கையாலதானே அடிச்சாரு. இது ஆபத்துன்னு உங்க வீட்ல யாருக்குமே தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அவர்கிட்ட அன்னைக்கே சண்டை போட்டேன்."

"தெரிஞ்சுமா உங்க பிள்ளையை அதுல போட்டீங்க?"

சீருடை, அலுப்பு, புருஷனின் வாய் என்று சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.