நீலத் துணி கட்டிய குழாய்

ஜீவராணியைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். ஒரே லயத்து வீட்டுவரிசை, ஒரே வகுப்பு, ஆனால் எதிலும் என்னைவிட ஒரு படி மேலே. விஞ்ஞானக் கண்காட்சிக்கு எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரைத்தான் பதுளைக்கு அனுப்புவார்கள் என்றதும், இந்த முறை நான்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பண்டாரவளையில் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டை வாங்கி மனிதனின் சமிபாட்டுத் தொகுதியைச் செய்தேன். குடலை வெட்டி ஒட்டவே இரண்டு நாள் ஆனது. அவளோ, அவளுடைய அப்பா புல்லுக்கு மருந்து அடித்த பழைய டேங்குகளிலிருந்து இரண்டு பம்புகளைக் கழற்றிக் கழுவிக்கொண்டு வந்து, இதுதான் இதயம் என்றாள். கைப்பிடியை அமுக்கினால் தண்ணீர் குழாய்களில் ஓடி, சுவாசப்பையையும் உடம்பையும் சுற்றித் திரும்பி வந்தது. என் குடல் சும்மா கிடந்தது.

நல்ல இரத்தத்துக்குச் சிவப்பு, கெட்ட இரத்தத்துக்கு நீலம் என்று குழாய்களில் துணி கட்டியிருந்தாள். கொழுந்துச் சாக்கு மாறிப்போகாமலிருக்க எங்கள் அம்மாமார் அடையாளத்துக்குக் கட்டுவார்களே, அதே மாதிரி.

அன்று இடைவேளையில் வகுப்பில் யாரும் இல்லை. துணிகளை அவிழ்த்து மாற்றிக் கட்டத் தொடங்கினேன். இதயத்துக்கும் சுவாசப்பைக்கும் நடுவிலிருந்த இரண்டை மாற்றியதும் மணி அடித்தது. பரவாயில்லை, மானம் போக இரண்டு குழாய் போதும்.

தெரிவு செய்ய வந்த பிரான்சிஸ்கா டீச்சர் என் குடலைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்று சொல்லி நகர்ந்தார். ஜீவராணியின் மேசையில் நெடுநேரம் குனிந்து நின்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை.

"இதயத்திலிருந்து வெளிய போற குழாய் எல்லாத்துக்கும் சிவப்புத்தான் கட்டுவாங்க பிள்ளைங்க. ஆனா சுவாசப்பைக்குப் போறது ஒட்சிசன் குறைஞ்ச இரத்தம். அங்க ஒட்சிசன எடுத்துக்கிட்டுத்தான் சிவப்பா திரும்பி வருது. நீங்க சரியா கட்டியிருக்கீங்க மகள். நீங்கதான் பதுளைக்குப் போறீங்க."

பிழையாக்க நான் மாற்றிக் கட்டியதுதான் சரியாம்!

ஜீவராணி குழம்பிப்போய்க் குனிந்து, முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முடிச்சு உண்டு. எங்கள் அம்மா இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே சொருகுவார். பழக்கதோஷத்தில் நானும் அப்படியே கட்டியிருந்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"டீச்சர், நான் பிழையாத்தான் கட்டியிருந்தேன். ரொஷானிதான் சொல்லாம கொள்ளாம சரி பண்ணியிருக்கா. இது அவங்க வீட்டு முடிச்சு. அவளையும் பதுளைக்குக் கூட்டிட்டுப் போகணும் டீச்சர்."

"அப்படியா மகள்? ஏன் மாத்துனீங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்க."

எனக்கு என்ன தெரியும்? டீச்சர் சற்று முன் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். வகுப்பே கை தட்டியது. ஜீவராணிதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள். அவள் முகத்தில் ஒரு பொட்டுப் பொறாமை இல்லை. அதிலும் என்னை முந்திவிட்டாள்.