கட்டிலுக்குக் கீழே உடும்பு

எங்கள் தோட்டத்து ஆபீஸ் கிராணியின் சைக்கிளை ஒரு மலைப்பாம்பு விழுங்கியது உண்மை. அது செம்பனை மரங்களுக்குள் ஊர்ந்து போகும்போது வயிற்றுக்குள்ளிருந்து மணி அடிக்கும். இதைக் கோலா பிலா பாசாரில் சொன்னால் சிரிப்பார்கள். என் மனைவி நீலாவதி சிரிக்க மாட்டாள். "ஏங்க, வளைவுல மட்டும் அடிக்குமா, நேரா போறப்பவும் அடிக்குமா?" என்று கேட்பாள். ஐம்பத்திரண்டு வருடமாக என் கதைகள் அவள் கேள்விகளைத் தின்றுதான் வளர்ந்தன.

தவராசா வந்தான். கேள்விகள் நின்றன.

இலங்கைப் போரில் தப்பி, படகேறி, அகதி அட்டையோடு எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். ஐம்பது வயதிருக்கும். கோயில் வளாகத்தில் புல் வெட்டுவான். பேச மாட்டான். வணக்கம் சொன்னால் தலை அசையும், அவ்வளவுதான்.

அவன் வந்து ஒரு மாதமானதும் கோயில் தலைவர் முனியாண்டி ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "போர்ல அடிபட்டவங்கள கேக்குறதுக்கு ராசா டவுன்லேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க. சனிக்கிழமை காலையில. எல்லாம் இலவசம்."

எங்கள் ஆட்களுக்குக் 'கேட்பது' என்றால் கேள்வி கேட்பதுதான், காது கொடுப்பதல்ல. எங்கிருந்து வந்தாய், அப்பன் பெயர் என்ன, பிறப்புப் பத்திரம் எங்கே? அப்படிக் கேட்டவர்களைத்தான் கண்டிருக்கிறோம். அதனால் முதல் சனிக்கிழமை பாதித் தோட்டம் கோயில் மண்டபத்துக்கு வெளியே நின்றது. அந்தம்மா பெயர் மாதவி. சின்ன காரில் வந்து இறங்கி, தவராசாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. ஒரு மணி நேரம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "அடுத்த வாரம் பாப்போம்ணே" என்று காரில் ஏறிப் போய்விட்டது.

என் வயிறு எரிந்தது. ஐம்பது வருடமாக நான் தொண்டை வற்றப் பேசுகிறேன். ஒரு மணி நேரம் முழுசாக உட்கார்ந்து கேட்ட ஆள் கிடையாது. இவன் வாயே திறக்கவில்லை. அதைக் கேட்க எண்ணெய் போட்டுக்கொண்டு கார் வருகிறது!

அது போதாதென்று நீலாவதி வடை சுட ஆரம்பித்தாள். சனிக்கிழமைதோறும் மண்டபத்துக்குத் தேத்தண்ணியும் உளுந்து வடையும் போகும். அவன் தேத்தண்ணிக்குச் சீனி குறைவு என்பது மூன்றாம் வாரமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு இனிப்புநீர் வியாதி இருப்பது இன்னமும் ஞாபகமில்லை.

"பாவங்க, அவருக்கு உள்ள என்னென்ன இருக்கோ" என்றாள் ஒருநாள்.

"எனக்கும் உள்ள இருக்கு."

"உங்களுக்கா? உங்களுக்கு உள்ள என்ன இருக்கு? எல்லாத்தையும்தான் வெளிய கொட்டியாச்சே!"

அந்தச் சொல் சோற்றுக்குள் கல் மாதிரி கிடந்தது. மூன்றாவது மாதம் நானும் பெயர் கொடுத்தேன். என்ன போர் என்று மாதவி கேட்டது. "சப்பான்காரன் சண்டை. சயாம் ரயில் போட்டப்ப" என்றேன். வயதைக் கேட்டது. எழுபத்தேழோடு இருபதைக் கூட்டித் தொண்ணூற்றேழு என்றேன். எழுதிக்கொண்டு, "நல்லா இருக்கீங்க தாத்தா" என்றது.

ஆரம்பித்தேன். சப்பான்காரன் என்னை லோரியில் ஏற்றியது, தண்டவாளத்தை ஒற்றை ஆளாகத் தூக்கியது, தப்பிக்கும்போது ஆற்றில் ஒரு முதலை முதுகு கொடுத்தது. அங்கே நிறுத்தினேன். நீலாவதியாக இருந்தால், "முதலைக்கு என்ன கூலி குடுத்தீங்க?" என்று கேட்கிற இடம் அது. மாதவி கேட்கவில்லை. புளுகு என்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தது.

புளுகுக்கு எதிர்ப்பேச்சு இல்லாவிட்டால் கால் ஊன்ற இடமில்லை. பத்தே நிமிடத்தில் கையிருப்பு தீர்ந்தது. மண்டபத்து மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வாய் சும்மா இருந்து பழக்கமில்லாததால் உள்ளே கிடந்ததை எடுத்தது.

"போனது நான் இல்லம்மா. எங்கப்பா."

அப்பா சயாம் ரயில் வேலையிலிருந்து உயிரோடு திரும்பி வந்தவர். தோட்டத்து லோரி படீரென்று புகை கக்கினால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவார். சில நாள் அரை மணி நேரம், சில நாள் பொழுதுக்கும். எனக்கு அப்போது ஆறு வயது. பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பார்களோ என்று பயந்து வாசலில் நின்று சொன்னேன்: "சத்தம் போடாதீங்க. எங்கப்பா உடும்பு புடிக்கிறாரு."

நான் சொன்ன முதல் பொய் அது. நம்பினார்கள். கறிக்குச் சட்டி கூடக் கொண்டுவந்தார்கள். அந்த வருடத்தில் மட்டும் எங்கள் கட்டிலுக்கடியிலிருந்து பதினோரு உடும்புகள் தப்பியோடின. ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு சாண் நீளம்.

மாதவி மேசையில் இருந்த தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தது. குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

மண்டபத்துக்கு மார்பளவுதான் சுவர். மேலே வெறும் கம்பி. வெளியே பலகையில் உட்கார்ந்து தவராசா தன் முறைக்குக் காத்திருந்தான். நான் கடந்து போகும்போது எழுந்து நின்றான்.

"ஐயா, உங்கட அப்பா எந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்தவர்? சுவர்ப் பக்கமோ, கதவுப் பக்கமோ?"

தோட்டத்துக்கு வந்ததிலிருந்து அவனுடைய முதல் பேச்சு. குரல் கரகரத்தது.

"கதவுப் பக்கம்" என்றேன். "யாரு வர்றாங்கன்னு பாக்கணும்ல."

"நானும் அப்பிடித்தான்" என்றான். என் கையைப் பிடித்தான். இழுத்துக்கொள்ளத்தான் நினைத்தேன், கை வரவில்லை. பிறகு அவன் உள்ளே போனான். வெளியே நின்ற எனக்கு அவன் குரல் கேட்டது. என்ன சொன்னான் என்று நின்று கேட்கவில்லை. இது மட்டும் சத்தியம்.

திரும்பினால் வடைத் தட்டோடு நீலாவதி.

"மூணு மாசமா சுட்டுக் கொட்டுறேன். எனக்கு ஒரு வார்த்தை இல்ல. உங்ககிட்ட மட்டும் பேசுறாரு?"

"பேசுனாரு."

"என்ன கேட்டாரு?"

"எங்கப்பாவப் பத்தி."

"மாமாவப் பத்தியா? அவரப் பத்தி என்கிட்ட நீங்க ஒன்னுமே சொன்னதில்லையே! ஊரான்கிட்ட சொல்லுவீங்க, கட்டினவகிட்ட சொல்ல மாட்டீங்களோ?"

அவள் முகத்தைப் பார்த்தேன். தெரிந்த முகம். மூன்று மாதமாக அந்த முகத்தைத்தான் கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்தேன்.

தட்டைப் பலகையில் டொக்கென்று வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னையும் பிடித்து உட்காரவைத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க."

சொன்னேன். உடும்பு வந்ததும் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அவள் நீலாவதி.

"எத்தன அடிங்க இருக்கும்?"

"முதல் உடும்பா, பதினோராவதா?" என்று கேட்டு, தவராசாவின் வடையில் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.