செல்லத்துரை வீட்டுக் கோழி ட்ரம்

"மூடியத் தேய்க்கிற நேரமாட்டி இது? உள்ள பெத்த அப்பனக் கெடத்தியிருக்கு," என்று வன்னியபெருமாள் போட்ட சத்தத்தில், முன்வாசலில் அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திக் காது கொடுத்தார்கள்.

"எனக்கும் தெரியும் பெரியப்பா. விடியக்காலம் நான்தான தூக்கிக் கெடத்துனேன்," என்றாள் தீபலட்சுமி. கை நிற்கவில்லை. புறவாசலில் சம்மணம் போட்டு, ட்ரம்மின் மூடியை மடியில் கவிழ்த்து, விளிம்பில் தார்போல் இறுகியிருந்த கொழுப்பை ஒரு தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த செல்லத்துரை, மகள் சுக்குத்தண்ணி போட்டுக் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். தாயில்லாத வீடு. எஸ்.டி.டி. பூத்திலிருந்து திருப்பூருக்குச் சொல்லியாயிற்று; மூத்த மகள் வந்துசேர மத்தியானம் ஆகும். அதற்குமேல்தான் எடுப்பது. அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. ஆனால் ஹாக்கி ஆட வந்திருந்த வெளியூர்ப் பையன்களுக்கு ராத்திரிக்குத் தருவதாகச் செல்லத்துரை சொல்லியிருந்த கோழிகள் மசாலாவில் ஊறிக்கொண்டிருந்தன. மதியம் தாண்டினால் கெட்டுவிடும்.

"குழி தோண்டிப் பொதச்சிரு. ஒரு நா புரோட்டா தின்னா ஹாக்கிக்காரனுவ செத்தா போயிருவானுவ?" சொன்ன பிறகுதான் வாயிலிருந்து என்ன வந்ததென்று பெரியப்பாவுக்கு உறைத்தது. துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து ராத்திரி அப்பா அவிய கையால தடவுன மசாலா," என்றாள் தீபலட்சுமி. "குழியில போட மாட்டேன்."

ட்ரம் கதை தெருவுக்கே தெரியும். சவுதியிலிருந்து திரும்பிய செல்லத்துரை, எண்ணெய் ட்ரம் ஒன்றை நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் புகைக்குழாய் பொருத்தி, உள்ளே கோழிகளைக் கொக்கியில் தொங்கவிட்டுக் கருவேலங்கரிப் புகையில் வேகவைத்தார். ருசியைக் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் மூடியில்தான். புகை கசியாமலிருக்க விளிம்பில் கரிசல் மண் குழைத்துப் பூசுவார். கரிசல் காய்ந்தால் வெடிக்கும் என்பது காட்டில் மேய்கிற ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். சவுதிக்குப் போய்வந்தவருக்குத் தெரியாது. வெடிப்பு வழியே கிளம்பும் புகை, அடுத்த வீட்டுப் பாண்டியம்மாளின் கொடியில் காயும் சேலைகளில் போய் உட்காரும். வெள்ளிக்கிழமை கோயிலில் பூசாரியே மூக்கைச் சுளித்தார் என்பது அவள் புகார். போதாததற்கு, ட்ரம் நிற்கிற இடமே தன்னுடையது என்பாள். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்து சொல்லியும் செல்லத்துரை ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பாண்டியம்மாள் காலையிலிருந்து மாரிலடித்து அழுததில் நிஜ அழுகை எவ்வளவு என்று மற்ற பெண்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு அவளும் புறவாசலுக்கு வந்து நின்றாள்.

தீபலட்சுமி மூடியைச் சாம்பல் போட்டுத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சித்தி, இந்த ட்ரம்மு நிக்கிற மண்ணு யார் மண்ணு?"

இழவு கேட்க வந்த இடத்தில் இப்படியொரு கேள்வியைப் பாண்டியம்மாள் எதிர்பார்க்கவில்லை.

"உங்க மண்ணு. தெரு கேக்கத்தான் சொல்லுதேன். அப்பா ஒத்துக்கிடல. நான் ஒத்துக்கிடுதேன்."

"ஏட்டி," என்றார் பெரியப்பா. ட்ரம்முக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

பாண்டியம்மாள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். "அப்பம் இது எங்க வீட்டு அடுப்பு, எரிஞ்சா குத்தமில்ல. எங்க வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காவ. கொஞ்சம் தள்ளுங்க அண்ணாச்சி."

தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லாத ஊர். கரி உடனே பிடித்தது. கோழிகளைத் தொங்கவிட்டு மூடியை வைத்ததும், தீபலட்சுமி பழக்கத்தில் மண் குழைக்கும் சட்டியைத் தேடினாள்.

"இம்புட்டு நாளும் பூசுன மண்ணு போதும் தாயி," என்றாள் பாண்டியம்மாள்.

"ஒங்க வீட்ல தீப்பெட்டி ஒட்டுத பசை இருக்குமே, சித்தி."

"அதுல மயில்துத்தம்லா கெடக்கு, வெசம். ஆடவந்த பிள்ளையள ஆஸ்பத்திரிக்கு அனுப்பவா?"

பாண்டியம்மாளே தன் வீட்டுக்குள் போய்ப் புது மைதாவைப் பிசைந்து கொண்டுவந்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக விளிம்பைச் சுற்றி மாவை அழுத்திக்கொண்டே வந்தார்கள். இரண்டு கைகளும் ஓரிடத்தில் வந்து முட்டின. பாண்டியம்மாள் அவள் கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை. மாவு ஒட்டிக்கொண்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

புகை குழாய் வழியாக மட்டும் நேரே மேலே போனது.

திருப்பூர்க்காரி வந்தாள், அழுதாள், எடுத்தார்கள். சாயங்காலம் கோழிகள் பாண்டியம்மாள் வீட்டு வாசல் வழியாக ஆட்டோவில் ஏறின. ஹாக்கிக்காரர்கள் ஒரு எலும்பைக்கூட மிச்சம் வைக்கவில்லையாம்.

அடுத்த தையில் தீபலட்சுமி மணியாச்சி ரயில்வேக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனாள். பெரியப்பா மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். செல்லத்துரை வீட்டில் பேங்க் கிளார்க் ஒருவர் வாடகைக்கு இருக்கிறார். ஊருக்கு வந்தால் தீபலட்சுமி அந்த வாசலைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டி, பாண்டியம்மாள் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறாள். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்பது இதுவரை தெருவில் ஒருத்தருக்கும் கேட்டதில்லை.