எனக்குத் தெரியாத ஸ்பானிஷ்

எங்கார்னா எனக்குப் போட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்குள் எனக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தைகூடத் தெரியக் கூடாது.

"உனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ்வளவுதான். ஒருத்தனும் இங்கிலீஷ்ல வாயைத் திறக்க மாட்டான். நீ முழிக்கணும், ஓனா. என்ன கேட்டாலும் முழி," என்றாள்.

அவள் அந்தப் பள்ளியின் ஆங்கில ஆசிரியை. நான் அயர்லாந்தின் லிமெரிக்கிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய உதவி ஆசிரியை. கல்லூரியில் நான் படித்ததே ஸ்பானிஷ்தான். அதை ஆசை தீரப் பேசலாம் என்று தெற்கு ஸ்பெயினின் இந்த ஆலிவ் ஊருக்கு வந்தேன். அதைப் பேசாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று வந்த பிறகு தெரிந்தது.

நன்றாகவே முழித்தேன். அந்தக் கலையில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கண்ணை அகல விரித்து, புருவத்தைத் தூக்கி, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி முன் நின்று பழகியிருந்தேன். ஒரு நாள் பத்தாம் வகுப்பில் யாரோ ஸ்பானிஷில், "டீச்சர் சட்டை முழுக்க முட்டை ஒட்டியிருக்கு, பாருங்கடா," என்றான். நான் குனிந்து பார்க்கவில்லை. மணி அடிக்கும்வரை நிமிர்ந்தே நின்று பாடம் நடத்திவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். சட்டையில் ஒன்றுமில்லை. உதிர்ந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முழிப்பதில் ஒரு லாபம் இருந்தது. எனக்குப் புரியாது என்பதால் பிள்ளைகள் என் மூக்குக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் பேசினார்கள். வகுப்பு ஹீட்டர் வேலை செய்யவில்லை, விரல் விறைத்துப்போகிறது என்றார்கள். ஆலிவ் அறுவடைக்குப் பாதிப் பேர் தோப்புக்குப் போகிற வாரத்தில் தேர்வு வைப்பது அநியாயம் என்றார்கள். இடைவேளையில் ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தக்காளியும் எண்ணெயும் தடவிய ரொட்டியைக் கடித்தபடி, இதையெல்லாம் எங்கார்னாவிடம் சொல்வேன். ஹீட்டர் சரியானது. தேர்வு தள்ளிப்போனது. என்னைவிடக் கெட்டிக்கார ஒற்றன் ஐரோப்பாவில் கிடையாது என்று நடந்துகொண்டிருந்தேன்.

நவம்பரில் மட்டும் கெட்டிக்காரத்தனம் உதவவில்லை. விடாத மழை. அறையில் ஈரச் சுவர். பேச ஆளில்லை, இருந்த ஆட்களிடம் பேசக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனால் திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அந்த வாரத்தில்தான் பத்தாம் வகுப்பு முதல் பெஞ்ச் நோயேலியா பக்கத்துப் பெண்ணிடம் ஸ்பானிஷில் சொன்னாள்: "இந்த ஒரு கிளாஸுக்காகத்தான்டி நான் ஸ்கூலுக்கே வர்றேன். இவங்க போயிட்டா நானும் நின்னுடுவேன்."

நோயேலியா யாரையும் புகழ்கிற ரகம் இல்லை. நான் போர்டு பக்கம் திரும்பி, ஏற்கெனவே எழுதியிருந்த தேதியை அதன் கீழேயே மறுபடியும் எழுதினேன். அழுகை வந்துவிட்டது. என் முகத்துக்காகச் சொல்லாத வார்த்தை அல்லவா, அதனால் அதை முழுசாக நம்பினேன். அந்த ஒரு வார்த்தையை வைத்துக் குளிர்காலத்தை ஓட்டினேன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் திரும்பி வந்தேன். இன்னும் ஒரு வருடம் இதே பள்ளியில் இருக்க விருப்பம் என்று எழுதியும் கொடுத்தேன்.

வசந்தம் வந்தது, கூடவே இன்ஸ்பெக்டர் வருகிறார் என்ற செய்தியும் வந்தது. ஆங்கிலத்திலேயே நடக்க வேண்டிய எங்கள் இருமொழி வகுப்பு உருப்படியாக நடக்கிறதா என்று பார்ப்பார். இல்லை என்று எழுதினால் வகுப்பை மூடுவார்கள். வகுப்பு இல்லாத பள்ளிக்கு உதவி ஆசிரியை எதற்கு? எங்கார்னாவுக்கு மானம் போகும், எனக்கு ஊரே போகும்.

அந்த நேரம் பார்த்துப் பத்தாம் வகுப்பு வீரர்கள் ஜன்னல் வழியாக ஆரஞ்சுப் பழம் வீசினார்கள். அது மதபோதனை வாத்தியாரின் கார் மேல் விழுந்தது. தண்டனையாக எங்கார்னா, வகுப்புக்கு ஏற்பாடாகியிருந்த கடற்கரை டூரை ரத்து செய்தாள். மறுநாள் நான் வினைச்சொற்களை எழுதிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் மாநாடு நடந்தது.

"இன்ஸ்பெக்டர் வரட்டும். ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது."

"எங்கார்னா செத்தாங்க."

"டூரைத் திருப்பிக் குடுத்தா பேசுவோம். இல்லேன்னா ஊமைதான்," என்றாள் நோயேலியா, வகுப்பின் கடைசிச் சுவருக்கும் கேட்கும்படி.

இடைவேளை மணி அடித்ததும் ஓடினேன். எங்கார்னாவின் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது.

"நெசமாவா சொன்னாங்க?"

"என் பின்னாடியே நின்னு சொன்னாங்க. நான் முழிச்சிட்டிருந்தேன்."

"பாத்தியா, நான் போட்ட ரூல் எவ்வளவு நல்லதுன்னு. அது இல்லேன்னா இன்னிக்கு நாம ரெண்டு பேரும் நடுத்தெருவுலதான்," என்றாள். மதியமே வகுப்புக்குப் போய், தன் இளகிய மனசு கேட்கவில்லை என்று சொல்லி டூரைத் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். நோயேலியா என்னைப் பார்த்துத் தட்டியது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பெனாவீதெஸ் பூனைக்குரல் ஆசாமி. கடைசி வரிசையில் உட்கார்ந்தார். என் பிள்ளைகள் அன்றைக்குப் பேசிய ஆங்கிலத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மழை, அறுவடை, அயர்லாந்தின் ஏரிகள் என்று கொட்டினார்கள். முடிவில் அவர் எழுந்து ஸ்பானிஷில் கேட்டார்.

"உங்க டீச்சர் உங்ககிட்ட ஸ்பானிஷ்ல பேசுவாங்களா?"

"அவங்களா?" என்று எழுந்தாள் நோயேலியா. "பாவம் சார், ஒரு வார்த்தை வராது. கடையில எப்படித்தான் சாமான் வாங்குறாங்களோ."

வகுப்பு மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது. சில தோள்கள் குலுங்கின. நான் முழித்தேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். வகுப்பு பிழைத்தது. அடுத்த வருடமும் எனக்கு இதே ஊர்தான்.

எல்லோரும் போன பிறகும் நோயேலியா பையை மூடுவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தாள். அப்புறம் நிதானமாக, ஸ்பானிஷில், "டூருக்கு ரொம்ப தேங்க்ஸ், டீச்சர். அடுத்து அந்தத் திங்கக்கெழமை டிக்டேஷன். அதையும் எங்கார்னா டீச்சர்கிட்ட கொஞ்சம் சொல்லிடுங்க," என்றாள்.

பழக்க தோஷத்தில் முழித்தேன்.

"போதும் டீச்சர், கண்ணு வலிக்கப் போகுது. வந்த முதல் வாரம் எலாதியோ மீன் கடைக்குப் போனீங்கல்ல? உள்ள நுழைஞ்சதும் 'யார் கடைசி'ன்னு ஸ்பானிஷ்ல கேட்டீங்க. கையைத் தூக்கினது எங்க சித்தி."

இந்த ஊர்க் கடைகளில் யாரும் வரிசையில் நிற்பதில்லை; கடைசியாக வந்தவர் கையைத் தூக்குவார், அவருக்கு அடுத்து நாம். யார் கடைசி என்று வாய்விட்டுக் கேட்காமல் இங்கே ஒரு மத்தி மீன்கூட வாங்க முடியாது. பள்ளி வாசலைத் தாண்டினால் கட்டளையும் தாண்டிவிடும் என்று நினைத்திருந்தேன். இந்த ஊருக்குப் பள்ளி வேறு, மீன் கடை வேறு இல்லை.

"அப்புறம் பாதிரியாரோட தங்கச்சி உங்களுக்கு முன்னாடி புகுந்தாங்கன்னு ஒரு கிழி கிழிச்சீங்களாமே. சித்தி இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்குது."

"அப்போ அந்த முட்டை?" என்றேன், இன்னும் ஆங்கிலத்திலேயே.

"முட்டையே இல்ல டீச்சர். எவ்வளவு தாங்குறீங்கன்னு பாத்தோம். நீங்க அசையவே இல்ல. அன்னிக்குதான் கிளாஸ் மொத்தமும் உங்க பக்கம் வந்துச்சு."

ஹீட்டர், தேர்வு, டூர் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒற்றன் இல்லை, நான் தபால்காரி. அதில்கூட எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அடுத்து நவம்பர் நினைவுக்கு வந்தது. என்னை இங்கே நிறுத்தி வைத்தது அந்த ஒரு வார்த்தைதான். பள்ளிச் சுவர்களுக்குள் ஒரு மாணவியிடம் முதல் முறையாக ஸ்பானிஷில் பேசினேன்.

"நவம்பர்ல நீ ஒண்ணு சொன்னே, நோயேலியா. இந்த ஒரு கிளாஸுக்காகத்தான் வர்றேன்னு. அதுவும் என் காதுல விழணும்னு சொன்னதுதானா? இல்ல, நெசமாவா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். என்னை நேராகப் பார்த்தாள். கண்ணை அகல விரித்தாள். புருவத்தைத் தூக்கினாள். வாயை லேசாகத் திறந்தாள்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர்," என்றாள் சுத்தமான ஆங்கிலத்தில். "எனக்கு ஸ்பானிஷ் தெரியாது."