முள் நின்ற இடம்

வேலை பார்த்த சலவைக்கூடத்துத் தேய்ப்பு இயந்திரம் அக்காவின் வலது கையைக் கவ்வியதற்கு நஷ்டஈடு கேட்டு வழக்கு. சிகிச்சைக் காகிதம், எக்ஸ்ரே எல்லாவற்றையும் கம்பெனிக்காரர்களிடம் கொடுத்தாக வேண்டும், அவர்கள் அமர்த்திய டாக்டரிடம் கையையும் காட்டியாக வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். சம்பளம் கொடுப்பவனுக்குத் தாளம் போடுகிற டாக்டர்தானே என்று சின்னவன் முடிவு கட்டினான்.

சின்னவன் அக்காவின் ஒரே தம்பி, முந்திரிக்கொட்டை. கை ஆறிவிட்டது என்றே நினைத்திருந்தான். அக்கா வீட்டில் ஒருநாளும் முனகியதில்லையே. ஆறிய கைக்கு எவன் காசு தருவான் என்று டாக்டரிடம் போவதற்கு முந்தின நாளே பாடம் நடத்தினான்: எதைக் கொடுத்தாலும் பட்டும் படாமலும் பிடி, சின்ன வயதில் மணிக்கட்டு முறிந்த கதையைப் பற்றி மட்டும் வாயே திறக்காதே. அக்கா "ம்" என்றாள். அந்த 'ம்'மைச் சம்மதம் என்று நம்பினான் பாவம்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அவள் முதலில் சொன்னதே மணிக்கட்டுக் கதையைத்தான். பழைய எக்ஸ்ரேயையும் நீட்டினாள். பக்கத்தில் இருந்த சின்னவன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தான்.

டாக்டர் பிடிபலம் பார்க்கும் கருவியைக் கொடுத்தார். கழுத்து நரம்பு புடைக்க அழுத்தினாள். முள் லேசாக நகர்ந்து நின்றது. பேச்சுக் கொடுத்துவிட்டு மறுபடி அழுத்தச் சொன்னார், கொஞ்சம் பொறுத்து மறுபடியும். முள் அதே இடம்தான். சின்னவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவ்வளவு நடிப்பை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள் என்று அசந்துபோனான்.

டாக்டரின் அறிக்கை வந்ததும் வக்கீலம்மா இருவரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். பழைய முறிவு முழுதாகக் கூடிவிட்டது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கையின் பலம் பெரும்பாலும் போய்விட்டது, இனித் திரும்பாது. அவர்களுடைய டாக்டரே இப்படி எழுதிய பிறகு கம்பெனி சமரசத்துக்கு இறங்கி வந்தே தீரும் என்றார்.

சின்னவனுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா மூன்று தடவையும் பிசகாமல் நடித்ததைப் பெருமையாக உளறிவிட்டான்.

"நடிக்கிறவங்களுக்குத் தடவைக்குத் தடவை முள்ளு மாறும், தம்பி. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தச் சோதனையே," என்றார் வக்கீலம்மா.

சின்னவன் அக்காவைப் பார்த்தான்.

"இருந்த பலம் பூரா போட்டுத்தான்டா அழுத்துனேன்," என்றாள் அவள்.

எவ்வளவு கேட்கலாம் என்று வக்கீலம்மா விளக்கிக்கொண்டிருந்தார். சின்னவன் காதில் ஒன்றும் விழவில்லை. தேம்பித் தேம்பி அழுதான். அக்கா இடது கையால் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.