நங்கையா சொன்ன பச்சை

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கூடத்துத் திரை ஜன்னலோடு நின்றதா, தரையைத் தொட்டதா என்று யாராவது இப்போது கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஆனால் அது பச்சை. அந்த வீட்டில் எல்லாமே பச்சை. அதுவும்கூடக் கண்ணால் பார்த்த பச்சையா, அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனதில் படிந்துபோன பச்சையா என்று தெரியவில்லை. நிறம் மறந்துபோகிறது. அதன் பெயர்தான் நிற்கிறது.

நீலகிரிப் பைக்காராவிலிருந்து கரண்டு கோயமுத்தூருக்கு வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அண்ணன் திருமூர்த்தி தடாகம் ரோட்டுப் பக்கம் புதிதாக வீடு கட்டினார். எங்களுக்குச் சொந்த ஊர் துடியலூர். அண்ணன் தோட்டத்தைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டு, டவுனில் பருத்தியிலிருந்து பஞ்சு பிரிக்கும் ஜின்னிங் பாக்டரி வைத்து நன்றாக வந்துவிட்டார். வராதது ஒன்றே ஒன்று. அவர் மனைவி முத்தாத்தாள்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். நங்கையாவுக்குத் தாய்வீடு வெள்ளகோவில். அவளுக்குப் பிறந்த ஒரே குழந்தை, பிறந்து சில நாளில் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. அங்கிருந்து நேராகத் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. சண்டை கிடையாது, பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் ஆடிக்கும் தைக்கும் போய்க் கூப்பிடுவார். சோறு போடுவாள். எதிரில் உட்காருவாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். இவரும் வந்துவிடுவார். மூன்று வருஷம் இப்படிப் போயிற்று.

வீட்டுக்குக் கூரை போட்ட சமயத்தில் போனபோதுதான் அவள் வாயைத் திறந்தாளாம்.

"ஊட்டுக்கு என்ன நெறம் அடிக்கறீங்க?"

"நீதாஞ் சொல்லோணும். என்ன நெறம் வேணும்?"

நீண்ட நேரம் கழித்து, "பச்சை" என்றாளாம்.

அன்று நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குள் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பாப்பாயி, உங்க நங்கையா பச்சை வேணும்னு சொல்லிப்போட்டா" என்றார். மூன்று வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நான் அப்போது அவரோடு இருந்தேன். எனக்கு இருபத்துநாலு வயது, உடுத்தியிருந்தது வெள்ளைச் சேலை. கட்டியவர் காலராவில் போனபிறகு, சமைக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அண்ணன் கூட்டி வந்துவிட்டார். அவர் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். சிறுவாணித் தண்ணீர் குழாயில் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் எடுத்துப் படிப்பேன். மளிகை கட்டி வந்த தாளைக்கூடப் பிரித்துப் படித்திருக்கிறேன்.

அந்தப் பச்சை வந்ததும் எனக்கு வேலை வந்தது. கடை கடையாக அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முதலில் தரை. சிமெண்டில் பூப் போட்டு வார்த்த கற்கள் அப்போது புதிது. சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகக் கடைக்காரர் பரப்பிக் காட்டினார். அண்ணன் பச்சைப் பூவும் பச்சைக் கொடியும் போட்ட கல்லை எடுத்தார். பிறகு ஜன்னலுக்குப் பச்சைக் கண்ணாடி. சுவருக்குச் சுண்ணாம்பில் பச்சைப் பொடி கலந்து இரண்டு கை அடித்தார்கள். கரண்டு விளக்குக்குக்கூடப் பச்சைக் குடை வாங்கிப் போட்டார். விளக்கைப் போட்டால் சோறு பாசி பிடித்தாற்போல் இருக்கும்.

திரைக்குத் துணி எடுக்க ஒப்பணக்காரத் தெருவுக்குப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அல்லது அப்படி நினைக்கிறேன். கடைக்காரர் ஒரு கிளிப்பச்சைத் துணியை விரித்தார். பெண்கள் வந்தால் தோளில் போட்டு நிறம் காட்டுவது அவர் பழக்கம். பழக்கத்தில் என் தோளில் போட்டுவிட்டார். அப்புறம்தான் என் சேலையைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. துணியை மெதுவாக இழுத்து மடித்தார். அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அதையே குடுங்க" என்றார். தோளில் துணி கிடந்தது ஒரு மூச்சு நேரம் இருக்கும். அதன் கனம் எனக்கு இன்னும் தெரியும்.

தைத்தவர் பெரிய கடை வீதி அப்துல் கையூம் பாய். வாய் சும்மா இருக்காது. துணிகளை வீட்டுக்கே கொண்டுவந்து கூடத்தில் பரப்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க கவுண்டரே, ஜன்னலுக்குக் கோடு, நாற்காலிக்குக் கட்டம், கீழே பூ. மூணும் பச்சை. கண்ணு எங்கதானுங்க போய் உக்காரும்?"

"நாற்காலியில உக்காரட்டும் பாய்."

"சிரிக்காதீங்க. திரை ஓரத்துல மட்டும் ஒரு விரல்கடை அரக்குக் கரை வெச்சுத் தாரேன். பக்கத்துல ஒரு சிவப்பு இருந்தாத்தான் பச்சை பச்சையாத் தெரியும். இல்லீனா எல்லாம் ஒண்ணா மங்கிப்போயிருமுங்க."

"அவ அரக்குன்னு சொல்லலீங்க."

"அம்மணி மஞ்சள்னும் சொல்லலையாக்கும்?"

"சொல்லலை."

"அப்பச் சோத்தையும் பச்சையாவே பொங்கிப் போடுவீங்களாட்ட இருக்குது" என்றவர் என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லக் கூடாதுங்களா?" என்றார்.

நான் துணியை மடிக்க ஆரம்பித்தேன். பாய் சொன்னது எனக்கும் சரியென்றுதான் பட்டது. கோடும் கட்டமும் பூவும் ஒன்றையொன்று அடக்க ஆளில்லாமல் கூடம் முழுக்கக் கத்தின. ஆனால் அண்ணனுக்கு மூன்று வருஷத்தில் கிடைத்தது ஒரே ஒரு சொல். அதன் பக்கத்தில் வேறு எதையும் வைக்க அவருக்கு மனசில்லை. அதுவும் எனக்குப் புரிந்தது.

மார்கழி முடிந்து தை பிறந்ததும் நங்கையா வந்தாள். தங்குகிறேன் என்று சொல்லவில்லை, பார்க்க வருகிறேன் என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் அண்ணன் தம்பிதுரை கூட்டி வந்தார். வெள்ளகோவிலில் பஸ் ஏறி, காங்கயத்திலும் பல்லடத்திலும் நின்று நின்று, உச்சிப்பொழுதுக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணன் பாக்டரிக்குப் போகாமல் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

தம்பிதுரை நுழைந்ததும் சுற்றிப் பார்த்து, "என்ன மாப்ள, சோளக்காட்டுக்குள்ள நொழைஞ்சாப்பல இருக்குது! மாடு கீடு உள்ள வந்துச்சுன்னா மேஞ்சுபோடும், சாக்கிரதை" என்றார். அண்ணன் சிரித்தார். அவருடைய கண் மட்டும் நங்கையாவை விட்டு நகரவில்லை.

அவள் கூடத்தில் நின்றாள். சுவரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். உள் அறைகளுக்குப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தாள். கண்ணாடி வழியாக வந்த வெயில் அவள் முகத்தில் பச்சையாக விழுந்து, காய்ச்சல் கண்டு எழுந்தவள் மாதிரி இருந்தது. குழாய்தான் சொட்டியது.

"எப்படி இருக்குது?" என்றார் அண்ணன்.

"நல்லாத்தானுங்க இருக்குது."

"நீ சொன்னாப்பலயே எல்லாம் பச்சை."

அவள் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தாள்.

"பச்சைன்னுதானே சொன்னே?"

"ஆமாங்க."

"இது பச்சைதானே?"

"இதுவும் பச்சைதானுங்க" என்றாள். பிறகு கையைத் திருப்பி நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே குறத்தி குத்திய கோலம் இருந்தது. எல்லாருக்கும் இருப்பதுதான், பச்சை குத்துவது என்று சொல்கிறோமே, அது. "நாஞ் சொன்னது இந்தப் பச்சைங்க. ஆஸ்பத்திரிச் சுவத்துல இருந்துச்சே."

அண்ணன் அவள் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதை நீலம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பச்சை குத்தினது என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். நரம்பைப் பச்சை நரம்பு என்கிறோம். துணி வெளுக்கிற நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்து அடித்த சுவரைத் துடியலூரில்கூடப் பெரியவர்கள் பச்சைச் சுவர் என்றுதான் சொல்வார்கள். எந்தப் பச்சை என்று கேட்கவேண்டும் என யாருக்குத் தோன்றும்?

"அட, இவ்வளவுதானா?" என்றார் தம்பிதுரை. "ரெண்டு நாள்ல அடிச்சுப்போடலாமுங்க மாப்ள. சுண்ணாம்புதானே."

"நாளைக்கே ஆள் வரச் சொல்றேன்" என்றார் அண்ணன்.

"வேண்டாங்க."

"ஏன்?"

அவள் தரையிலிருந்த பூக்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்களும் அந்த ரூம்புலதானுங்க இருந்தீங்க. தெனமும் வந்து பெஞ்சுல உக்காந்திருந்தீங்க. பச்சைன்னு சொன்னா உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுப்போட்டேன்."

அண்ணனின் குரல் வேறாக இருந்தது. "நான் உன்னையும் புள்ளையையும் பாத்துட்டு இருந்தேன் முத்தா. சுவத்த எங்க பாத்தேன்?"

"நான் புள்ளையப் பாக்க முடியாமத்தானுங்க சுவத்தப் பாத்துட்டு இருந்தேன்" என்றாள் அவள்.

தம்பிதுரை எழுந்து வெளியே போய்விட்டார். நானும் சமையலறைக்குப் போயிருக்கவேண்டும், போகவில்லை. அவர் நாற்காலியிலும் அவள் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒருமுறை கையை நீட்டப் போய் மடியிலேயே வைத்துக்கொண்டார். ஒரே பெஞ்சில் இருந்தவர்கள், ஒரே நாட்களை வேறு வேறு இடத்தில் கழித்திருக்கிறார்கள். அதை இரண்டு பேருமே அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். யார் மேலும் தப்பு இல்லை. தப்பு இருந்திருந்தால் ஒருவர் மன்னித்திருக்கலாம்.

சாப்பிட்டாள். பாத்திரம் கழுவ எனக்கு உதவினாள். திரையைத் தொட்டுப் பார்த்து, "இது யாரு எடுத்தது?" என்று கேட்டாள். "நானுங்க" என்றேன். "கிளிப்பச்சை உனக்கு நல்லா இருக்கும் பாப்பாயி" என்றாள். என் வெள்ளையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். நான் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிக் கழுவினேன்.

சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். வாசலில் நின்று அண்ணனிடம், "வாரேனுங்க" என்றாள். எங்கள் பக்கம் கிளம்புகிற எல்லாரும் சொல்வது அதுதான். போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்த வாரம் அண்ணன் உள் அறையை மட்டும் சுரண்டி நீலம் கலந்த சுண்ணாம்பு அடிக்கச் செய்தார். "இதானா பாரு" என்று என்னைக் கூப்பிட்டார். அந்த ஆஸ்பத்திரிக்குள் நான் போனதே இல்லை. தெரியவில்லை என்றேன். இன்னும் கொஞ்சம் நீலம் கூட்டச் சொன்னார். மறுபடி குறைக்கச் சொன்னார். "வாரேன்னு சொல்லீட்டுத்தான் போயிருக்கா" என்றார். நான் சரி என்றேன்.

நங்கையா வரவில்லை. வெள்ளகோவிலில் தம்பிதுரை வீட்டிலேயே இருந்து, அவருடைய பிள்ளைகளை வளர்த்தாள். சுதந்திரம் வந்த வருஷம் செத்துப்போனாள். அண்ணன் காரியத்துக்குப் போய் மூன்றாம் நாள் திரும்பினார். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாக்டரியைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் துடியலூருக்கே போய், இரண்டு வருஷம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார். அப்துல் கையூம் பாய் கடையை மகனிடம் கொடுத்துவிட்டுப் பாலக்காட்டில் மகள் வீட்டுக்குப் போனார் என்று கேள்வி. தடாகம் ரோட்டு வீட்டை வாங்கினவர்கள் உள்ளும் புறமும் வெள்ளை அடித்துக் குடியிருக்கிறார்கள். நான் காரமடையில், கட்டியவரின் தம்பி வீட்டில் இருக்கிறேன்.